ஒரு பழைய காரும் பறிபோன கிண்ணமும்

2016இல் அமெரிக்கக் கல்லூரி புட்போலின் மூன்றாம் பிரிவுச் சம்பியன் யார் எண்டு பதிவேட்டைப் புரட்டினால், அங்க ஒருத்தரும் இல்லை. போட்டி நடக்காமல் விடேல்லை. டிசெம்பரில், வேர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரில் நடந்தது. டெக்சாஸைச் சேர்ந்த மேரி ஹார்டின்-பெய்லர் பல்கலைக்கழகம், விஸ்கொன்சின்-ஒஷ்கொஷ் அணியை 10-7 எண்டு வென்றது. பிறகு அந்த வெற்றி அழிக்கப்பட்டது. காரணம், தலைமைப் பயிற்றுவிப்பாளர் தன்ர 2006ஆம் ஆண்டு சுபாரு காரை ஒரு வீரருக்கு ஓடக் குடுத்திருந்தார். தோற்ற அணிக்கும் கிண்ணம் போகவில்லை. பதிவேட்டின்படி அந்த வருசம் ஒருத்தரும் வெல்லவில்லை.

தண்டனை குடுத்தது என்.சி.ஏ.ஏ. எண்ட அமைப்பு. அதே அமைப்பு செய்த ஒரு வழக்கு உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி முதலாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் முதல் வருசத்திலேயே ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரைக்கும் தன்ர வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு பிரிக்கலாம். மேலே மில்லியன் கணக்கில் குடுக்கலாம், கீழே ஒரு பழைய கார் ஓடக் குடுத்தால் குற்றம்! இந்த நியாயத்தைத்தான் நாங்கள் இங்க கேள்வி கேட்கிறம்.

மூன்றாம் பிரிவு எண்டால் என்ன எண்டு முதலில் சொல்லிவிடுறம். நாங்கள் விளையாடுற உதைபந்தாட்டம் இல்லை இது. ஹெல்மெட் போட்டு மோதுற அமெரிக்க விளையாட்டு. 1973இல் உருவான இந்தப் பிரிவில் பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள்தான். இதன் அடிப்படை விதி ஒன்றுதான்: விளையாட்டுத் திறமைக்காக ஒருவருக்கும் புலமைப்பரிசில் கிடையாது. வருச முடிவில் நொக்அவுட் சுற்று நடக்கும். 2024இலிருந்து அதில் 40 அணிகள். இறுதிப்போட்டிக்கு ஸ்டாக் போல் எண்டு பெயர், பழைய பயிற்றுவிப்பாளர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக்கின் நினைவாக.

"காசு இல்லாத தூய விளையாட்டு" எண்டு இதைக் கொண்டாடுற எழுத்துகளைக் கனக்க வாசிச்சிருக்கிறம். அவையள் சொல்லுறதில் ஒரு பகுதி உண்மைதான். 2023இல் புளோரிடா ஸ்டேட் தன் லீக்கில் சம்பியனாகி, 13 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் வந்தது. ஆனாலும் ஒரு தெரிவுக்குழு கூடியிருந்து, நான்கு அணிகள் கொண்ட முதலாம் பிரிவுச் சுற்றுக்குள் அதை எடுக்கேல்லை. மூன்றாம் பிரிவில் அப்பிடி நடக்காது. தகுதியுள்ள லீக் ஒன்றில் முதலாவதா வந்தால் கதவு திறக்கும். அதே 2023இன் இறுதிப்போட்டியைப் பாருங்கோ. நோர்த் சென்ட்ரல் கடைசி நேரத்தில் ஒரு டச்டவுன் போட்டு ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்தது. சமப்படுத்துற ஒற்றைப் புள்ளியை விட்டுவிட்டு, வெல்லுற இரண்டு புள்ளிக்குத் துணிஞ்சு போனது. சரிவரேல்லை. நியூயோர்க்கின் கோட்லண்ட் 38-37 எண்டு வென்றது. இப்பிடி ஒரு போட்டியை ரசிக்காமல் எப்பிடி இருக்கிறது?

ரசிக்கிறம். ஆனால் "தூய்மை" எண்ட சொல்லை விழுங்க முடியாமல் இருக்கு.

முதலாவது, காசு இல்லாத விளையாட்டு எண்டு ஒன்று இல்லை. காசை ஆர் குடுக்கினம் எண்டதுதான் வித்தியாசம். மேலே தொலைக்காட்சி குடுக்குது, இங்க குடும்பம் குடுக்குது. மாணவர் தொகை குறைஞ்சு தள்ளாடுற சின்னத் தனியார் கல்லூரிகள் ஏன் புதுசா புட்போல் அணி தொடங்குகின்றன? நூறு பெடியள் அணிக்கு வந்தால் நூறு பேரின் கல்விக்கட்டணம் வரும். வசதி குறைஞ்சவைக்கும் படிப்பில் கெட்டிக்காரருக்கும் உதவி இருக்கு, அதை மறுக்கேல்லை. ஆனால் மிச்சத்தைக் கடன் எடுத்துக் கட்டுற வீடுகளும் இருக்கு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் "நீ ஆசைக்காக மட்டும்தான் விளையாட வேணும்" எண்டு சொல்லுறது, கல்லூரிக்கு வசதியான ஒரு நீதி. முழங்கால் உடைஞ்சாலும் மண்டை அடிபட்டாலும் அதுக்கு எந்தப் பிரிவு எண்டு தெரியாது.

இரண்டாவது, புலமைப்பரிசிலை எடுத்துவிட்டால் எல்லாரும் சமம் எண்டதும் நடக்கேல்லை. 2005 முதல் 2014 வரையான பத்து இறுதிப்போட்டிகளில் ஒன்பதில் மோதியது அதே இரண்டு அணிகள்தான்: ஒஹாயோவின் மவுண்ட் யூனியனும் விஸ்கொன்சின்-வைட்வோட்டரும். வைட்வோட்டர் பத்தாயிரத்துக்கு மேல் மாணவர் படிக்கிற அரச பல்கலைக்கழகம். சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு அங்க கட்டணம் குறைவு. புலமைப்பரிசில் இல்லாத இடத்தில் குறைஞ்ச கட்டணமே பெரிய புலமைப்பரிசில். மினசோட்டாவில் செயின்ட் தோமஸ் 2017இல் ஒரு போட்டியை 97-0 எண்டு வென்றது. 2019இல் அதன் லீக்கே அதை வெளியேற்ற முடிவெடுத்தது. இப்ப அது முதலாம் பிரிவில் விளையாடுது. எல்லாரும் சமமாக இருந்திருந்தால் ஒருத்தரைத் துரத்த வேண்டி வந்திராது.

மூன்றாவது, இந்த "அமெச்சூர்" எண்ட கதை எங்கயிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டியில், கைத்தொழில் செய்யிறவரும் கூலிவேலை செய்யிறவரும் அமெச்சூர் இல்லை எண்டு விதி இருந்தது. சம்பளம் தேவைப்படாதவன்தான் தூயவன். இதே அளவுகோலால் அடிபட்டவர் ஜிம் தோர்ப். கார்லைல் பூர்வகுடிப் பாடசாலையில் புட்போல் விளையாடிப் பெயர் எடுத்தவர். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். முன்னம் சின்னக் காசுக்கு பேஸ்போல் விளையாடினார் எண்டு அடுத்த வருசமே பறிச்சாங்கள். அவர்தான் தனி வெற்றியாளர் எண்டு முழுசா ஒத்துக்கொள்ள 2022 ஆனது. அவர் செத்து 69 வருசம் கழிச்சு.

"பயிற்றுவிப்பாளர்கள் கார் குடுக்கத் தொடங்கினால், பிறகு வசதியான கல்லூரிதான் நல்ல வீரர்களை இழுக்கும்" எண்டு ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. விதி வேணும்தான். விதியை மீறினால் பயிற்றுவிப்பாளரைத் தண்டிக்கலாம், அபராதமும் போடலாம். ஆனால் காரில் ஏறாத மற்றப் பெடியள் ஓடி, விழுந்து, எழும்பி வென்ற வெற்றியை ஏன் அழிக்க வேணும்? இன்னொன்றையும் கவனியுங்கோ. 2021 ஜூலையிலிருந்து மூன்றாம் பிரிவு வீரரும் தன்ர பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விக்கலாம். அதாவது, விளம்பரத்துக்கு முகம் குடுத்து ஒரு கடைக்காரரிடம் கார் வாங்கினால் அது வியாபாரம், சரி. தெரிஞ்ச மனிசரிடம் இரவல் வாங்கினால் அது ஊழல். தூய்மை எண்டது கடைசியில் இங்கதான் வந்து நிக்குது.

அதனால் நாங்கள் சொல்லுறது இதுதான். மூன்றாம் பிரிவின் நல்லதை வைச்சிருங்கோ: லீக்கை வென்றவருக்குத் திறக்கிற கதவு, மைதானத்தில் தீருகிற முடிவு. மேலே இருக்கிறவையும் அதைப் பழகட்டும். ஆனால் குடும்பங்கள் கட்டுற காசில் நடக்கிற ஒன்றுக்குத் தூய்மை எண்டு பெயர் வைக்காதேங்கோ. அணியில் எத்தனை பேர், அவர்கள் கட்டுற கட்டணம் எவ்வளவு, கடனோடு வெளியேறுறவை எத்தனை பேர் எண்டு ஒவ்வொரு கல்லூரியும் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

மேரி ஹார்டின்-பெய்லர் 2021இல் அதே பயிற்றுவிப்பாளரோடு திரும்பி வந்து, நோர்த் சென்ட்ரலை 57-24 எண்டு வென்றது. அந்த வெற்றி பதிவேட்டில் இருக்கு. 2016இன் 10-7ஐ விளையாடினவை மட்டும் ஞாபகம் வைச்சிருக்க வேண்டியதுதான்.