ஒன்றுக்குப் பத்து என்னும் பொய்க்கணக்கு

போன வாரம் குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் ஒரு நோட்டீஸைக் கையில் திணித்தார்கள். முந்திரித் தோப்பை அழித்துப் போட்ட மனைப்பிரிவுக்கு விளம்பரம். மனை வாங்கினால் மரக்கன்று இலவசமாம். "அங்கே தோப்பு இருந்ததே, என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் எண்ணி லிஸ்ட் எடுத்திருக்கோம் சார். ஒண்ணு வெட்டுனா பத்து வைக்கிறோம். கணக்குப் பார்த்தா ஊருக்கு லாபம்தான்" என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்காமல் போனது அந்தத் தலையாட்டல்தான். விற்கிறவர் ஆயிரம் சொல்லுவார். முந்திரிக்கொட்டை பொறுக்கி வளர்ந்த நம் சனம் எப்படி இதை நம்புகிறது?

பண்ருட்டிக்குப் பக்கத்தில் மாளிகம்பட்டில் ஒரு பலாமரம் இருக்கிறது. ஆயிரங்காச்சி என்று பெயர். வயது இருநூறு என்கிறார்கள். இவர்கள் கணக்கில் அந்த மரத்துக்கு ஈடு என்ன? பாலித்தீன் பையில் இருக்கும் பத்துக் கன்று. ஒட்டுக்கன்று பிஞ்சு விடவே நாலைந்து வருஷம் ஆகும். அது ஆயிரங்காச்சி ஆவதற்குள் நட்டவனும் இருக்கமாட்டான், அவன் பேரனும் இருக்கமாட்டான். பத்து என்பதை நூறு ஆக்குங்கள், ஆயிரம் ஆக்குங்கள், கழிந்துபோன இருநூறு வருஷத்தை எந்த நர்சரியில் வாங்குவீர்கள்?

வேறு எந்த ஊர் நம்பினாலும் நம்பட்டும், கடலூர் மாவட்டம் நம்பலாமா? 2011 டிசம்பர் 30 அதற்குள் மறந்துவிட்டதா? தானே புயல் கரையேறிய அந்த ஒரே காலையில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதன் பிறகு கன்று நடாமலா இருந்தோம்? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டு ரகங்களை நட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து, காய்ப்புக்குக் காத்திருந்த வருஷங்களில் வீட்டில் உலை எப்படி எரிந்தது என்று அந்தத் தலையாட்டிகளுக்குத் தெரியும். கன்று வேறு, மரம் வேறு என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பத்து அரசுத் தாளிலேயே இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு வழக்கமாக வரும் நிபந்தனைகளில் இரண்டு: வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்து நட வேண்டும், 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரமாவது இருக்க வேண்டும். ஆக, மரக் கணக்கெடுப்பு என்பது பத்தால் பெருக்க ஓர் எண் தேடும் வேலையாகிவிட்டது. ஆயிரங்காச்சியும் ஒன்று, அதன் அடியில் நேற்று முளைத்த வேம்பும் ஒன்று. நான் பார்த்த ஒரு பட்டியலில் பலா, வேம்பு, முந்திரி எழுதி, மீதி எல்லாவற்றையும் 'இதர' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எழுத வேண்டும் என்பது வனத்துறையில் அரிச்சுவடி. அந்தக் கட்டமே அதில் இல்லை.

பிரிட்டனில் வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பின்பற்றும் தரநூல் ஒன்று உண்டு. வரைபடம் போடுவதற்கு முன்பே மரத்தை அளக்கச் சொல்கிறது அது. மரங்களை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். அடிமரத்தின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் வேர்க் காப்பிடம் விட வேண்டும். அடிமரம் ஒரு மீட்டர் அகலமென்றால் நாற்புறமும் 12 மீட்டர். இங்கே வெட்டாமல் விட்ட மரத்துக்கும் கழுத்துவரை சிமென்ட். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது கான்கிரீட்டை எடுங்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. நம்மூர் பேவர் பிளாக் ஒப்பந்தக்காரர்களுக்கு யார் உத்தரவிடுவது?

மகாராஷ்டிரம் 2021-ல் தன் மரச் சட்டத்தைத் திருத்தி, வெட்டும் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை மரம் நடச் சொன்னது. அதுவும் போதாது. ஆனாலும் மரத்தின் வயதைக் கேட்கவாவது செய்கிறார்கள். அங்கே ஆயிரங்காச்சிக்கு இருநூறு, இங்கே பத்து. நம்மிடம் இருப்பது 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். செம்மண் காட்டுப் பலாவுக்கு அதில் இடமில்லை. உச்ச நீதிமன்றம் 2020-ல் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்தின் மதிப்பை வருஷத்துக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. 2025-ல் மதுரா பக்கம் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவருக்கு மரத்துக்கு ஒரு லட்சம் அபராதம் உறுதியானது. இந்த எண்களைச் சொல்லி ஒரு மனைத் தரகரிடம் பேசிப் பாருங்கள்.

உடனே ஒரு பதில் வரும்: "நெய்வேலி டவுன்ஷிப்பைப் பாருங்க, நட்டு வளர்த்த மரம்தானே, எவ்வளவு பச்சை!" பார்க்கிறேன். 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனத்தின் குடியிருப்பு அது. அந்த நிழலுக்கு இரண்டு தலைமுறை ஆனது, தண்ணீருக்கும் ஆளுக்கும் குறைவில்லை. விற்று முடித்த மனைப்பிரிவில் அடுத்த சித்திரையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள்? அதே என்.எல்.சி. 2023 ஜூலையில் பரவனாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்களை இறக்கியபோதும் சொன்ன நியாயம் இதுதான்: இழப்பீடு கொடுத்தாயிற்று. கொடுத்தாயிற்று என்றால் உயிரோடு நிற்பதை நசுக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்திலும் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, அதையும் பசுமைக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

மனை எண் போடுவதற்கு முன்னால் மரத்தை அளக்க வேண்டும். இனம், சுற்றளவு, தோராய வயது, காய்ப்பு எல்லாம் எழுதி, 'இதர' என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் வாசிக்க வேண்டும். எந்த மரத்தைச் சுற்றிச் சாலை வளைய வேண்டும் என்பதை அந்த மரத்தில் ஏறிப் பழம் வெட்டியவர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.