18 அடிச் சாய்தளமும் ஓர் இயர் மோல்டும்

முகாம் மேடையில் காது கேளாத குழந்தைக்கு ஹியரிங் எய்டு கொடுக்கிறார்கள். கைதட்டல், புகைப்படம் எல்லாம் முடிகிறது. காதுக்குள் பொருத்தும் இயர் மோல்டு அந்தப் பிள்ளையின் காதை அளவெடுத்து வார்த்தது. காது வளர வளர அது தளர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களிலேயே புதிதாகச் செய்யவேண்டியிருக்கும். செய்யாவிட்டால் கருவி கீச்சென்று இரையும், பிள்ளை கழற்றி வைத்துவிடும். கொடுத்த அமைப்போ அதற்குள் அடுத்த ஊர் முகாமுக்குப் போயிருக்கும்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் குமரி. படிப்பின் அருமை தெரிந்த இந்த மண்ணில் உடல்குறையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை வீட்டில் இருத்துவது நியாயமே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசக் கல்வி அவர்கள் உரிமை என்கிறது.

இந்தப் பிள்ளைகளின் படிப்பில் வெளி அமைப்புகளின் கை புதிதல்ல. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கியவர்கள் மிஷனரிகள். அவை தனிப் பள்ளிகள். ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே எல்லாரோடும் படிப்பது பிறகு வந்த மாற்றம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் ஆரம்ப ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இந்தப் பணி தொண்டு நிறுவனங்கள் வழியாகவே நடந்தது. இன்று வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள், தொகுப்பூதியத்தில்.

அக்கம்பக்கத்தில் பார்த்துப் படிக்க ஓர் இடம் உண்டு: தென்காசிப் பக்கம் ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கம். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் 1981-இல் அதைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் வந்து சேர்ந்தார். அங்குள்ள பள்ளியில் குறையுள்ள பிள்ளைகளும் இல்லாதவர்களும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அதைவிடப் பெரிய காரியம், கிராமத்துப் பணியாளர்கள் வீடு தேடிப் போவது. பிள்ளையின் நிலையை அவர்கள் செயலியில் பதிகிறார்கள். தொலைவிலுள்ள சிகிச்சையாளர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். அம்மாவுக்கும் அந்தப் பயிற்சி கைவருகிறது.

திரும்பத் திரும்ப வருகிறவர்கள்தான் பள்ளிக்குத் தேவை. ஒருமுறை வந்து கட்டிக்கொடுத்துவிட்டுப் போகும் சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடித் திண்ணைக்கு 18 அடி. இடமில்லையென்று எட்டடியில் முடித்தால், சக்கர நாற்காலிப் பிள்ளையை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றவேண்டும். மேடும் சரிவுமான திருவட்டார், மேல்புறம் பக்கங்களில் இந்தக் கணக்கு இன்னும் கடினம்.

குமரியின் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும், மறைமாவட்டச் சமூக சேவை அமைப்புகளும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய மாணவர்களும் அடுத்த சக்கர நாற்காலியை வாங்குமுன் பக்கத்து வள மையத்தில் ஒரு பட்டியல் கேட்கலாம்: எத்தனை இயர் மோல்டு மாற்றவேண்டும், எத்தனை பேட்டரி தீர்ந்தது, மலைப்பக்கத்துப் பள்ளிக்கு இயன்முறை மருத்துவர் வாரம் ஒருமுறை வந்துபோக என்ன செலவாகும் என்று. அந்தச் செலவை மூன்று வருடத்துக்கு ஏற்றுக்கொள்ள ஒரு சங்கம் முன்வந்தால், வரும் ஜூனிலேயே தொடங்கிவிடலாம்.