சத்தம் போட்டால் கெட்டவளா?

ஒவ்வொரு வருஷமும் பிக் பாஸ் ஆரம்பித்துப் பத்து நாள் ஆவதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிடும். உள்ளே எந்தப் பெண்ணாவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "வந்துட்டாடி இன்னொரு வனிதா" என்பார்கள். கோயில் பிராகாரத்தில், ரேஷன் கடை க்யூவில், பிள்ளைகளை ட்யூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் திண்ணையில்... எங்கே போனாலும் இதே பேச்சு. சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தான்! அதனால்தான் இந்தப் பகுதிக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். வனிதா விஜயகுமாருக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன், தோழிகளே. திட்டுவதாக இருந்தால் முழுசும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூன் 23-ம் தேதி விஜய் டி.வி.யில் மூன்றாவது சீசன் தொடங்கியது. நடத்தியவர் கமல்ஹாசன். வனிதா, நடிகர் விஜயகுமார் - மஞ்சுளா தம்பதியின் மகள். 1995-ல் 'சந்திரலேகா' படத்தில் விஜய்க்கு ஜோடியாக நடித்தவர். ஆனால் அவர் உள்ளே காலடி வைக்கும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. முந்தின வருஷம்தான் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு வீடு சம்பந்தமாகத் தகராறு ஏற்பட்டு, போலீஸ், பத்திரிகை என்று நாறியிருந்தது. "பெத்த அப்பனையே எதிர்த்தவ" என்ற முத்திரையோடுதான் போனார். அது அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கு எதற்கு? ஆனால் அந்த முத்திரையை வைத்துக்கொண்டே நாம் அவரைப் பார்த்தோம் என்பது மட்டும் நிஜம்.

ஜூலை நடுவிலேயே, மூன்றே வாரத்தில், ஓட்டுக் குறைந்து வெளியே வந்துவிட்டார். என்ன குற்றம்? கத்துகிறார், அதிகாரம் பண்ணுகிறார், யாரையும் பேச விடுவதில்லை. சரி. இதெல்லாம் உண்மைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மதுமிதாவை அவர் வறுத்தெடுத்ததைப் பார்த்து எனக்கே "போதும்மா, விட்டுடேன்" என்று இருந்தது.

இப்போது அதே ஜூலை மாதக் கடைசிக்கு வாருங்கள். ஒரு வார இறுதி நிகழ்ச்சியில், கூட்டமான பஸ்ஸில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி கமல் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே நடிகர் சரவணன் கையைத் தூக்கி, காலேஜ் நாளில் தானும் அதற்காகவே பஸ்ஸில் போனதுண்டு என்றார். எதற்காக? பெண்களை உரசுவதற்காக! அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள். சிரித்தார்கள். கமலும் ஒரு வேடிக்கைப் பேச்சோடு கடந்து போய்விட்டார். பாடகி சின்மயி ட்விட்டரில் கண்டித்து, வெளியே பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான் சரவணனை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வீட்டை விட்டும் அனுப்பினார்கள். கை தட்டின ஜனங்களை யார் மன்னிப்புக் கேட்க வைத்தது?

நான் கேட்கிறேன், டவுன் பஸ்ஸில் போய் வந்த நம்மில் எத்தனை பேர் சேஃப்டி பின்னைக் கையில் பிடித்துக்கொண்டே போயிருக்கிறோம்? அந்தக் கையை உரசியவன் மேல் வராத கோபம், சமையல்கட்டில் நின்று "யார் வேலையை யார் செய்யறது?" என்று கத்தினவள் மேல் எப்படி வந்தது? அவன் சொன்னது 'வெளிப்படையான பேச்சு', இவள் சொன்னது 'திமிர்'. ஆண் பிள்ளையின் பேச்சில் என்ன சொன்னான் என்று பார்க்கிறோம், சில சமயம் அதைக்கூடப் பார்ப்பதில்லை. பெண் பேசினால் எவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்றுதான் முதலில் அளக்கிறோம். அதற்கப்புறம் என்ன சொன்னாள் என்று கேட்க நமக்குக் காது இருப்பதில்லை.

இந்த ஆட்டத்தின் அமைப்பையும் யோசித்துப் பாருங்கள். யாரை வெளியே அனுப்பலாம் என்று தனி அறைக்குள் போய்ப் பெயர் சொல்லவேண்டும். காரணமும் அங்கேதான். வெளியே வந்து அதே ஆளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், தோளில் கை போட்டுக்கொள்ளலாம். அதாவது, முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் இங்கே சட்டப்படியே விளையாட்டு. வனிதா அந்த அறைக்குள் சொன்னதை அறைக்கு வெளியேயும் சொன்னார், சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேரே. இருபத்து நாலு மணி நேரம் நடப்பதை வெட்டி ஒட்டித்தான் ராத்திரி காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் பகலில் மூன்று ப்ரோமோ. கத்துகிற பெண்ணின் முகம் ப்ரோமோவுக்கு எவ்வளவு வசதி! சிரித்த முகமோ, ஒருவருக்குச் சாதம் எடுத்து வைத்த கையோ ப்ரோமோவில் வராது.

என் சின்ன நாத்தனார் ஞாபகம்தான் எனக்கு வந்துகொண்டே இருந்தது. எங்கள் மாமனார் காலமான பிறகு 1994-ல் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்த வருஷம் மார்ச் 25-ம் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குச் சமமான பங்கு. (நாடு முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது.) இவளுக்குக் கல்யாணம் ஆனது 1991-ல். ஆனாலும் அண்ணன்மார் இரண்டு பேரும் பத்திரத்தை எழுதி எடுத்துவந்து, "கையெழுத்துப் போடும்மா, பின்னாடி செய்யவேண்டியதைச் செய்யறோம்" என்றார்கள். அதில் ஒரு அண்ணன் என் வீட்டுக்காரர்தான், மறைப்பானேன்! பெரிய நாத்தனாருக்கும் அப்பா பங்கில் உரிமை உண்டு. அவர் வாயே திறக்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டார். சின்னவள் முற்றத்தில் நின்று கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்கிற மாதிரி கத்தினாள். "சட்டம் எனக்கும் தெரியும், என் பங்கைப் பிரிச்சு வெச்சுட்டுப் பேசுங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த பட்டம் 'வாயாடி'. இன்றைக்கும் விசேஷங்களில் அந்தப் பெயர்தான். பங்கும் கிடைத்தது, அதை வைத்துத்தான் இரண்டு பெண்களை இன்ஜினீயரிங் படிக்க வைத்தாள். பெரியவருக்குக் கிடைத்தது, பொங்கலுக்கு ஒரு புடவையும் 'நல்ல பொண்ணு' என்ற பெயரும். அவர் தாழ்ந்த குரலில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? அந்த வீட்டு மருமகள் நான் சொல்கிறேன், கொடுத்திருக்க மாட்டார்கள்.

வனிதாவுக்கு வருவோம். அவர் போன பிறகு வீடு சப்பென்று ஆகிவிட்டது. எந்தக் குரல் பிடிக்கவில்லை என்று அனுப்பினோமோ, அதே குரலை ஆகஸ்டில் விருந்தாளி என்று உள்ளே அனுப்பி, பிறகு போட்டியாளராகவே ஆக்கிக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்த்ததையெல்லாம் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகச் சொன்னார். சாக்‌ஷியோடும் லாஸ்லியாவோடும் கவின் பழகின விதத்தைக் கேட்டார். "பொண்ணுங்க ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க?" என்பதுதான் அவர் கேட்டதன் சாராம்சம். அந்த வாரம் நம் வீடுகளில் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தோமா, இல்லையா? பார்த்துக்கொண்டே திட்டினோம்!

எல்லாவற்றையும் சரி என்று நான் சாதிக்க வரவில்லை. தர்ஷனோடு ஷெரினைச் சேர்த்து அவர் சொன்ன வார்த்தை ரொம்பத் தப்பு. அந்தப் பெண் உடைந்து அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பெண்ணை மட்டம் தட்ட ஊர் எந்த ஆயுதத்தை எடுக்குமோ, அதையே இவரும் எடுத்தார். அன்றைக்கு நான் அவர் கட்சி இல்லை. ஆனால் அதைத் தப்பு என்று சொல்வதற்கும், "பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்! முதலாவது அவர் செய்ததைப் பற்றிய பேச்சு. இரண்டாவது நம் எல்லோரையும் பற்றிய பேச்சு.

இன்னொரு வேடிக்கை. அதே வனிதா அடுத்து 'குக்கு வித் கோமாளி'க்குப் போனார். 2020-ல் முதல் சீசனில் அவர்தான் ஜெயித்தார். திட்டின அதே வாய்கள், "என்னமா சமைக்கிறா பாரு" என்று ருசித்துப் பார்த்தன. எனக்குத் தெரிந்த ஒரு மாமி அவருடைய யூட்யூப் சமையலை நோட்டில் எழுதியே வைத்திருக்கிறார். கரண்டியோடு நிற்கும்போது பிடிக்கிறது, கேள்வியோடு நிற்கும்போது மட்டும் ஏனோ பிடிப்பதில்லை.

"பிள்ளைங்க பார்த்துக் கெட்டுப்போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். ராத்திரி ஏழு மணியிலிருந்து வரிசையாக ஓடும் சீரியல்களில் மருமகளுக்கு விஷம் வைப்பதும், நாத்தனார் நகையைத் திருடுவதும், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கதாநாயகி விளக்கேற்றுவதும் பார்த்து நம் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லையாம்! என்னைக் கேட்டால், எல்லாம் தாங்கிக்கொள்கிற அந்தக் கதாநாயகியைப் பார்த்துத்தான் என் பெண் கெட்டுப்போவாளோ என்று எனக்குப் பயம். ஆபீஸில் அவள் மேலதிகாரி நியாயமில்லாமல் ஒன்று சொன்னால் எழுந்து நின்று கேட்கவேண்டும். கேட்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் உயரட்டுமே.

அந்த வருஷம் முகேன் ஜெயித்தார், சாண்டி இரண்டாவதாக வந்தார். இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள், ஆட்சேபணையே இல்லை. வனிதா திரும்பி வந்தபோது என் பெண்ணின் போனை வாங்கி ஹாட்ஸ்டாரில் ஓட்டுப் போட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார். "தேவைதான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. செப்டம்பர் நடுவில் வனிதாவை மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டார்கள்!

- ஒரு வாசகி, மன்னார்குடி