மட்டக்களப்பை விட்டுப் போகாத மில்லர் பாதர்

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து இளைஞர் இருவர் இங்கே வந்து இறங்கினார்கள். ஒருவர் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஹரி மில்லர். மற்றவர் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த யூஜின் ஹெபர்ட். இருவரும் இயேசு சபைத் துறவிகள். மணமுடிக்கவில்லை, பிள்ளைகுட்டி இல்லை. ஆனாலும் தாங்கள் படிப்பித்த பையன்கள் தலை நரைத்து மூத்தாப்பாக்கள் ஆகும்வரை இந்த மண்ணிலேயே இருந்தார்கள்.

கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் ஊரான பாலமுனையிலிருந்து பிரதான வீதியால் வடக்கே போனால் ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். களுவாஞ்சிக்குடியும் காத்தான்குடியும் கடந்தால் மட்டக்களப்பு. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மில்லர் பாதர் அதில் படிப்பித்தார், பின்னர் அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். ஹெபர்ட் பாதர் என்றால் அங்கே கூடைப்பந்து. கல்லூரி அணியைப் பழக்கி எடுத்தவர் அவர். பிற்காலத்தில் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி நிலையத்தையும் பார்த்துக்கொண்டார். 1978 நவம்பர் சூறாவளியை இந்தக் கரையோரச் சனங்களோடு சேர்ந்து அவர்களும் கண்டார்கள். அதன்பின் யுத்தம் வந்தது.

1990இன் ஆவணி மாதத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பத்து நாள் ஆகுமுன் ஏறாவூரிலும் அதே அளவு மையித்துகள். அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்த தமிழர்களை இராணுவம் கூட்டிச் சென்றது. 158 பேர் திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலையில் குழந்தைகளும் தப்பவில்லை.

இதற்கு நடுவே ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருநாள். ஹெபர்ட் பாதர் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பின்னால் பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். வழியில் ஏறாவூர். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நாற்பத்திரண்டு வருடத் தோழனை இழந்த மில்லர் பாதர் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இருந்தார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் உட்கார்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்து வந்த தாய்மார் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார். இராணுவ முகாம்களில் போய் விசாரித்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சர்வதேச மன்னிப்புச் சபைக்கும் தகவல் கொடுத்தார்.

ஈகை என்றதும் ஸகாத்தும் ஸதகாவும் நினைவுக்கு வரும் ஊர் பாலமுனை. மில்லர் பாதர் கொடுத்த ஸதகா வேறு வகை. வயல் வேலை செய்யும் ஒரு தாய் முகாம் வாசலில் நின்றால் விரட்டிவிடுவார்கள். வெள்ளைக்காரப் பாதர் போய் நின்றால் ஓர் அதிகாரியாவது வெளியே வந்து பதில் சொல்லவேண்டி வரும். தனக்குப் பிறப்பாலே கிடைத்த அந்தச் சலுகையை, அது இல்லாதவர்களுக்காக அவர் செலவு செய்தார். அதில் ஆபத்தும் இருந்தது. ஹெபர்ட் பாதருக்கு நடந்ததை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் வைத்த பூசைகளைச் சொல்வார்கள். தேடி வந்தவரிடம் பொறுமையாக இருந்து பெயரைக் கேட்டு எழுதிய அந்த வேலையும் அதே விசுவாசத்தின் பகுதிதான்.

யுத்தம் முடிந்த 2009இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஓய்வுக்காக நியூ ஓர்லியன்ஸ் போனார். பிறந்த ஊர் அவருக்கு ஒத்துவரவில்லை. மட்டக்களப்புக்கே திரும்பி வந்து, தொண்ணூறு கடந்து, இங்கேயே கண் மூடினார்.

ஏறாவூரில் வாப்பாவை இழந்தவருக்கும் வந்தாறுமூலையில் மகனை இழந்தவருக்கும் 1990ஆம் வருடத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை. மில்லர் பாதரும் அவருடைய குழுவினரும் எழுதியவை தமிழில் தொகுக்கப்பட்டு, மிக்கேல் கல்லூரி நூலகத்தில் மட்டுமில்லாமல் அட்டாளைச்சேனை, காத்தான்குடி நூலகங்களிலும் வைக்கப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடிய பழைய மாணவர்கள் இரண்டு சமூகங்களிலும் இன்னும் இருக்கிறார்கள்.