கணக்கில் ஒரு முருகன்

மாசித் தெப்பத்தன்று திருக்கோஷ்டியூர் குளக்கரை முழுக்க அகல் விளக்குதான். வேண்டுதல் உள்ளவர்கள் அங்கிருந்து ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்து வணங்குவார்கள். நினைத்தது கைகூடினால், மறு வருஷம் அதே கரைக்கு வந்து ஏற்றுவார்கள். கடனாக வாங்கிய விளக்கை வட்டியோடு திருப்பித் தருவது மாதிரி! செட்டிநாட்டுச் சீமையில் இப்படி ஒரு வழக்கம் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இந்தச் சீமையிலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறிய நகரத்தார்களும் தெய்வத்தோடு கணக்கு வைத்திருந்தவர்கள்தான். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி. காடு திருத்தி நெல் போட விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள்.

போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. பேரேட்டில் அவர் பேரிலும் பற்று வரவு உண்டு. லாபத்தில் மகமை உண்டு. ரங்கூனில் வட்டி விகிதத்தைக்கூடக் கோயிலில் கூடித்தான் நிர்ணயித்தார்கள். மனைவி மக்கள் ஊரில். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை, கிட்டங்கியில் படுத்திருந்தவருக்கு முருகன்தான் துணை.

அமெரிக்காவிலும் அந்த நூற்றாண்டில் ஒரு நம்பிக்கை ஜனங்களை மேற்கே துரத்தியது. கண்டம் முழுக்கப் பரவுவது கடவுள் தங்களுக்கு விதித்தது என்று 1845-ல் ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகையாளர் எழுதினார். பூர்வகுடிகளின் நிலம் துப்பாக்கி முனையில் பறிபோனது.

நம்மவர்கள் நிலம் பிடிக்கவா போனார்கள்? இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை. அது ஆங்கிலேயரிடம் இருந்தது. கடன் பத்திரத்துக்கு அவர்களுடைய கோர்ட்டே காவல். 1930-ல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் அப்போது இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937-ல் அது 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது பணம்தான், வயல் அல்ல. ஆனால் அப்பன் பாட்டன் உழுத வயலை இழந்த பர்மியருக்கு அது என்ன ஆறுதல்?

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நிலச் சட்டம் கொண்டுவந்தது, வயல்கள் போயின.

கட்டிய கோயில்கள் பல இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கே காவடி எடுப்பவர்களில் பலர், அந்நாளில் கூலி வேலைக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள்.