ஏறும்போது இல்லாத பழைய ஸ்டொக்



கொஞ்சம் கசக்கும். ஆனாலும் நாம் பேசியே ஆக வேண்டும்.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. நம் கடைகளில் என்ன நடந்தது? 200 ரூபாய் டொலரில் இறக்கிய சாமானுக்கு இரவோடிரவாகப் புதுவிலை ஒட்டினோம். பால்மா "இல்லை" என்றோம். தெரிந்தவருக்கு மட்டும் பின்கதவால் கொடுத்தோம். அடுத்த வருடம் டொலர் 300க்குக் கிட்ட இறங்கியது. "இது பழைய ஸ்டொக்" என்றோம். ஏறும்போது இல்லாத பழைய ஸ்டொக் இறங்கும்போது எங்கிருந்து வந்தது?

"அடுத்த சரக்கெடுக்க முதல் வேண்டாமா?" என்பீர்கள். நியாயம்தான். எல்சி திறக்க முடியாமல் வியாபாரிகள் பட்ட பாடு நமக்கும் தெரியும். ஆனால் முதலைக் காப்பது வேறு, பதுக்குவது வேறு. பதுக்கல் ஹராம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை வீட்டுக்குப் போனால் வாப்பாவின் ஸ்டோர் நிறையச் சீனி மூட்டை.

2019இல் நம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அப்போதும் வந்து வாங்கிய அயலவர்களை மறந்துவிட்டோமா?

அடுத்த நெருக்கடியும் வரும். அன்று ஏற்றிய வேகத்திலேயே இறக்குவோம். இருப்பதை இருக்கிறது என்போம். பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் சதகா, ஏழையின் பையிலிருந்து எடுத்ததை ஈடு செய்யாது.