உப்பளத்துக்கு ஓய்வு வயது எது?

முதுமையையும் பணியிட நலனையும் பல்கலைக்கழகங்களில் பாடமாக்க வேண்டும் என்போரோடு எனக்குப் பிணக்கில்லை. அப்பாடத்தில் 'பணியிடம்' என்பது மேசையும் நாற்காலியும் மட்டுந்தானா என்பதே என் கேள்வி.

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இலங்கையில் தனியார் துறையினரின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. நல்லது. கற்பிட்டியில் கரைவலை இழுப்பவருக்கும், புத்தளம் உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாருபவருக்கும் அந்த 60 இனால் ஆவதென்ன? தம் முதலாளி இன்னாரென்று கடதாசியில் காட்ட முடியாதவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் எட்டாக்கனியே. உடல் மறுக்கும் நாள்தான் அவருக்கு ஓய்வு நாள்.

கடற்றொழிலாளர் ஓய்வூதியத்துக்கு 1990 இலேயே சட்டம் வந்தது என்பீர்கள். அது தாமாகச் சேர்ந்து சந்தா கட்டுவோருக்கானது. மீன்படாத மாதத்தில் சந்தாவுக்கு அவர் எங்கே போவார்?

வடமேல் மாகாணத்தில் 1999 முதல் வயம்ப பல்கலைக்கழகம் இயங்குகிறது. குளியாப்பிட்டியிலிருந்து புத்தளம் எட்டாத தூரமன்று. உவர்நீரில் வெடித்த குதிகாலையும், உப்பின் வெண்மையில் கூசிய கண்ணையும், தேய்ந்த முழங்காலையும் ஆய்வாளர்கள் அங்கே வந்து அளந்து எழுதட்டும். முதுமைக்கான பட்டத்தை அதன் பின்னர் வழங்கட்டும்.